துகள்களைத் தள்ளி மலை எழுப்புவது: பாறைப் பிளவையும் மடிப்பையும் கணினியில் உருவாக்க முழுமையான வழிகாட்டி

பாகிஸ்தானின் பஞ்சாபில் பொட்வார் பீடபூமி இருக்கிறது. அதன் தெற்கு ஓரத்தில்தான் கேவ்ரா சுரங்கம் இருக்கும் உப்பு மலைத்தொடர். இமயமலை எழும்பியபோது தெற்கே தள்ளப்பட்ட பாறை அடுக்குகள் இங்கே பெரிதாகக் கலையாமல் வழுக்கி வந்திருக்கின்றன. இவ்வளவு பெரிய மலைப்பட்டையின் மேற்பரப்புச் சரிவு சராசரியாக 1 பாகை அளவுதான். அதே இமயமலையின் முகப்பை டேராடூன் பக்கம் போய்ப் பார்த்தால் மடிப்பும் பிளவும் குறுகிய பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பொட்வாருக்கு அடியில் கேம்பிரியன் காலத் தொடக்கத்தை ஒட்டிய பழைய உப்பு அடுக்கு இருக்கிறது, டேராடூன் பக்கம் அது இல்லை. முக்கியமான வித்தியாசம் அதுதான்.

இந்த வித்தியாசத்தை உங்கள் மடிக்கணினியிலேயே உருவாக்கிப் பார்க்கலாம். அதற்கான வழி கீழே இருக்கிறது. இரண்டு மாதிரிகள் செய்யப்போகிறோம். ஒன்றில் அடித்தளம் நன்றாக உராயும், மற்றொன்றில் வழுக்கும். கடைசியில் மடிப்புக்கென்று தனியாக ஒரு சிறிய மாதிரி. கொஞ்சம் பைத்தானும், பிளஸ் டூ அளவு இயற்பியலும் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துகள்களைக் கொட்டித் தள்ளினால் யாருக்கும் மலை மாதிரி ஒரு படம் வந்துவிடும். அது மலையா வெறும் படமா என்பதைத் தள்ளுவதற்கு முன்னால் செய்யும் அளவுத்திருத்தம்தான் (துகளுக்குக் கொடுக்கும் எண்களை நிஜப் பாறையின் பண்புக்கு ஒத்துவரச் சரிசெய்வது) தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் தள்ளும் பகுதி சின்னதாகவும் அதற்கு முந்தைய பகுதி பெரிதாகவும் இருக்கும். உண்மையான வேலையும் அப்படித்தான்.

துகள் முறை என்ன செய்கிறது

பெட்டிக்குள் மணலையும் களிமண்ணையும் வைத்து அழுத்தி மலை செய்து பார்ப்பது பழைய வழக்கம். ஸ்காட்லாந்தில் ஹென்றி கடெல் 1880-களிலேயே இப்படி உந்துப் பிளவுகளை (நெருக்கத்தில் ஒரு பாறைப்பகுதி மற்றொன்றின் மேல் ஏறும் பிளவுகள்) உருவாக்கிக் காட்டினார். துகள் முறை அந்தப் பெட்டியின் கணினி வடிவம். கண்டால், ஸ்ட்ராக் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய மென்பொருள்களுக்கெல்லாம் அடிப்படை.

ஒவ்வொரு காலப்படியிலும் நடப்பது இவ்வளவுதான்: எந்தத் துகள் எதைத் தொடுகிறது என்று பார்க்கும். தொடும் இடத்தில் இரண்டும் எவ்வளவு ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றனவோ, அதை விறைப்பால் பெருக்கி விலக்கு விசை கொடுக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் இன்னொரு சுருள்வில் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு உராய்வு எல்லையைத் தாண்டினால் வழுக்கல். எல்லா விசையையும் கூட்டி, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி துகளை நகர்த்திச் சுழற்றும். மறுபடி முதலிலிருந்து.

இதில் 'பிளவு' என்று எதையும் நாம் எழுதிக் கொடுப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் ஒரு கோட்டில் சேர்ந்து வழுக்கத் தொடங்கினால் அதுவே பிளவு. வலைக்கண்ணி போட்டுக் கணக்கிடும் முறைகளில் பெரிய நகர்வு வந்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும், அதைச் சரிசெய்யத் தனி வித்தை வேண்டும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. விலை என்னவென்றால், நாம் துகளுக்குக் கொடுக்கும் எண்ணும் பாறைக்குக் கிடைக்கும் பண்பும் ஒன்றல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 1: மென்பொருள்

பழகுவதற்கு யேட் (YADE) நல்லது. இலவசம், திறந்த மூலம், உபுண்டுவின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே கிடைக்கும், பைத்தானில் எழுதலாம். லாம்ப்ஸ் வேகமானது, ஆனால் கட்டளை மொழி புதியவருக்குக் கொஞ்சம் கரடுமுரடு. பிஎஃப்சி கட்டண மென்பொருள், உங்கள் துறையில் உரிமம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். படம் பார்க்க ஓவிட்டோ அல்லது பாராவியூ.

யேடில் துகள்கள் கோளங்கள். இருபரிமாண மாதிரிக்கு எல்லாக் கோளங்களையும் ஒரே தளத்தில் வைத்து, தளத்துக்கு வெளியே நகர்வதையும் மற்ற இரண்டு அச்சுகளில் சுழல்வதையும் பூட்டிவிட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: கோளத்தின் கனஅளவு, அதே ஆரமும் விட்டமளவு தடிமனும் கொண்ட வட்டின் கனஅளவில் மூன்றில் இரண்டு பங்குதான். அடர்த்தியை 1.5 மடங்காக்காவிட்டால் உங்கள் பாறை மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்துபோகும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 1 மீட்டர் தடிமனுள்ள வட்டுகளுக்கு.

படி 2: ஓட்டுவதற்கு முன் தாளில் கணக்கு

பாறை அடுக்கு 40 கி.மீ. நீளம், 4 கி.மீ. தடிமன். துகள் ஆரம் 40 முதல் 60 மீட்டர் வரை, சீராகக் கலந்து. ஒரு துகள் 100 மீட்டர் அகலம் என்றால் அது மணல் துணுக்கு இல்லை, ஒரு பாறைத்தொகுதியின் பிரதிநிதி. அடைவு, அதாவது மொத்த இடத்தில் துகள்கள் நிரப்பும் பங்கு, 82 சதவீதம் என்று வைத்தால் துகள்களின் எண்ணிக்கை சுமார் 16,500 வரும். தடிமனில் 40 துகள். இதைவிட ரொம்பக் குறைக்காதீர்கள். துகள் மாதிரியில் ஒரு பிளவுப்பட்டை பல துகள் அகலத்துக்குப் பரவும். பத்துத் துகள் தடிமனுள்ள அடுக்கில் பட்டைக்கே இடம் போதாது.

எல்லாத் துகளையும் ஒரே அளவில் வைக்கவே கூடாது. ஒரே அளவு வட்டுகள் தேன்கூடு ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். பிறகு வரும் பிளவெல்லாம் அந்த ஒழுங்கின் கோட்டிலேயே, 60 பாகையில் போகும். ஒரு மாதிரியில் எல்லாப் பிளவும் வரைகோல் வைத்த மாதிரி 60 பாகையில் இருந்தால், இயற்கையை விட்டுவிட்டு அடுக்குமுறையைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது விறைப்பு. 4 கி.மீ. ஆழத்தில் மேலுள்ள எடையின் அழுத்தம்: துகள் அடர்த்தி 2,500 கிலோ, அடைவு 0.82, ஆகவே மொத்த அடர்த்தி 2,050. அதை 9.81-ஆலும் 4,000-ஆலும் பெருக்கினால் சுமார் 80 மெகாபாஸ்கல். தள்ளும்போது கிடைமட்டத் தகைவு இதைப்போல மூன்று மடங்கு, 240 மெகாபாஸ்கல் வரை போகும். துகள் விட்டம் 100 மீட்டர் என்பதால் ஒரு தொடுகையில் விசை சுமார் 2,400 கோடி நியூட்டன். விறைப்பை மீட்டருக்கு 5,000 கோடி நியூட்டன் என்று வைத்தால் துகள்கள் அரை மீட்டர்தான் ஒன்றுக்குள் ஒன்று புகும், அதாவது விட்டத்தில் அரை சதவீதம். நல்லது. 1 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று விறைப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் அடி அடுக்கு பஞ்சு மாதிரி நசுங்கும்.

காலப்படி விறைப்பையும் நிறையையும் பொறுத்தது. மிகச் சிறிய துகளின் நிறை 1.26 கோடி கிலோ. நிறையை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.016 விநாடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 0.003 விநாடி, பாதுகாப்பான காலப்படி. இதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு முறை 0.03 வைத்து ஓட்டிப் பாருங்கள். துகள்கள் நாலாபக்கமும் தெறித்துப் போகும்.

கடைசியாக வேகம். இமயமலை முகப்பில் நெருக்கம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவு. அந்த வேகத்தில் 0.003 விநாடிப் படிகளாகக் கணக்கிட்டால் நம் வாழ்நாளில் முடியாது. நாம் விநாடிக்கு 1 மீட்டர் தள்ளப்போகிறோம், அதாவது நிஜத்தைவிட சுமார் 160 கோடி மடங்கு வேகம். இது அநியாயமாகத் தெரியும். ஆனால் உராய்வு, முதல் நிலைக் கணக்கில், வேகத்தைப் பொறுத்ததல்ல. முடுக்கத்தின் பங்கு அழுத்தத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருக்கும்வரை மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் ஒரே வடிவம்தான் வரும்.

இதைச் சரிபார்க்க நிலைமை எண் என்ற அளவு இருக்கிறது: திரிபு வேகம் (வழுக்கும் வேகம் ÷ பட்டையின் அகலம்) × துகள் விட்டம் × (அடர்த்தி ÷ அழுத்தம்) என்பதன் வர்க்கமூலம். பிளவுப்பட்டை 1,000 மீட்டர் அகலம், வழுக்கும் வேகம் 1 மீட்டர், நடு ஆழத்தில் அழுத்தம் 40 மெகாபாஸ்கல் என்றால் விடை 0.0008. ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இருப்பதால் மெதுவான இயக்கம் என்றே கொள்ளலாம். மேற்பரப்பை ஒட்டி 100 மீட்டர் ஆழத்தில் இதே கணக்கு 0.0035 தருகிறது. ஆகவே மேலே இருக்கும் ஓரிரு துகள் அடுக்கில் நடக்கும் சறுக்கல்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள்.

10 கி.மீ. தள்ள 33 லட்சம் காலப்படிகள் ஆகும். ஒரு கோர் விநாடிக்குப் பத்து லட்சம் துகள்-படிகள் செய்யும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 15 மணி நேரம். சாயங்காலம் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

படி 3: கொட்டிப் படியவைத்தல்

பெட்டியைவிட உயரமான இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் துகள்களைத் தூவி, ஈர்ப்பைப் போட்டு விழவிடுங்கள். இந்தக் கட்டத்தில் தணிப்பு (துகள்களின் அசைவை அடக்கும் செயற்கை எதிர்ப்பு) அதிகம் இருக்கட்டும், இல்லாவிட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். சமன்படாத விசையின் சராசரியைத் தொடுகை விசையின் சராசரியால் வகுத்த விகிதம் 0.001-க்குக் கீழே வந்தால் படிந்துவிட்டது என்று பொருள். பிறகு 4 கி.மீ.க்கு மேல் துருத்தும் துகள்களை நீக்கிவிட்டு மறுபடி கொஞ்சம் படியவிடுங்கள்.

படியும்போது துகள்களின் உராய்வை எவ்வளவு வைக்கிறீர்கள் என்பது பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதிக்கும். உராய்வு அதிகம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து இடைவெளி விட்டு நிற்கும், தளர்ந்த அடுக்கு கிடைக்கும். உராய்வை 0.05 மாதிரிக் குறைத்துப் படியவைத்தால் இறுக்கமான அடுக்கு. நமக்கு வேண்டியது இறுக்கமானது. இறுக்கமான துகள்கூட்டம் நழுவ வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் விரிந்தாக வேண்டும். விரிந்த பிறகு அந்த இடம் மட்டும் பலவீனமாகிவிடும், அடுத்த நகர்வும் அங்கேயே நடக்கும். கூர்மையான பிளவு பிறப்பது இப்படித்தான். தளர்ந்த அடுக்கைத் தள்ளினால் எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து உப்பிக்கொண்டு போகும், பிளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படிந்த பிறகு நிஜமான உராய்வு எண்களை ஏற்றுங்கள். துகள்களுக்கு 500 மீட்டருக்கு ஒரு நிறம் கொடுத்துப் பட்டைகளாக்குங்கள். நிறம் கண்ணுக்கு மட்டும்தான், இயக்கத்தில் அதற்குப் பங்கில்லை. அப்புறம் இடப்பெயர்ச்சிக் கணக்கைப் பூச்சியமாக்கிக் கோப்பில் சேமித்துவிடுங்கள். எல்லா ஓட்டத்துக்கும் இதுவே தொடக்கம்.

படி 4: அளவுத்திருத்தம்

துகளுக்கு உராய்வுக் கெழு 0.6 என்று எழுதினால் பாறைக்கும் 0.6 கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. கிடைக்காது. வட்டமான துகள்கள் வழுக்குவதற்குப் பதில் உருண்டுவிடும். உராய்வை 0.5-லிருந்து 1.0 ஆக்கினாலும் மொத்தக் கூட்டத்தின் வலிமை பெரிதாக உயராது, உருளல் இன்னும் அதிகமாகும், அவ்வளவுதான். உலர்ந்த குவார்ட்ஸ் மணலின் உள் உராய்வுக் கோணம் 30 பாகைக்கு மேல். பயர்லி 1978-இல் பாறைப் பரப்புகளுக்குக் கண்ட கெழு 0.85, அதாவது 40 பாகை. கட்டுப்பாடில்லாமல் உருளும் வட்டுகள் அந்த இடத்துக்கு எட்டாது.

தீர்வு, தொடுகையில் உருள் தடை சேர்ப்பது. யேடில் ஒட்டுதலும் உருள் தடையும் சேர்ந்த தொடுகை விதி இருக்கிறது. இன்னொரு வழி, இரண்டு மூன்று துகள்களை ஒட்டி நிலக்கடலை வடிவக் கட்டிகளாகப் பயன்படுத்துவது. அது இயற்கைக்கு இன்னும் நெருக்கம், ஆனால் கணக்கு கூடும். சுழற்சியையே முழுவதும் பூட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வலிமை தேவைக்கு மேல் எகிறிவிடும், பிளவுப்பட்டைக்குள் நடக்கும் உருளலும் காணாமல் போய்விடும்.

எவ்வளவு தடை வேண்டும் என்பதை ஈரச்சு அழுத்தச் சோதனைதான் சொல்லும். 4 கி.மீ. அகலம், 8 கி.மீ. உயரத்தில் சுமார் 3,300 துகள்களை, முதன்மை மாதிரிக்குச் செய்த அதே முறையில் இறுக்கமாக அடுக்குங்கள். ஈர்ப்பை எடுத்துவிடுங்கள். பக்கச் சுவர்கள் 20 மெகாபாஸ்கல் அழுத்தத்தை விடாமல் பிடித்திருக்க, மேல் சுவரை மெதுவாக இறக்குங்கள். மேல் சுவரின் தகைவை வரைபடமாகப் போட்டால் அது ஏறி, ஓர் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிச் சமதளமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. உச்சம் 75 மெகாபாஸ்கல், சமதளம் 60 என்று வருகிறது. உராய்வுக் கோணத்தின் சைன் என்பது இரு தகைவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்தது. உச்சத்தில் 55-ஐ 95-ஆல் வகுத்தால் 0.58, கோணம் 35 பாகை. சமதளத்தில் 40-ஐ 80-ஆல் வகுத்தால் 0.5, கோணம் 30 பாகை. உடையாத பாறை 35, உடைந்து நழுவும் பிளவு 30. இந்த 5 பாகை இடைவெளி நமக்கு வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் அடுக்கு தளர்வாக இருக்கிறது, படி 3-க்குத் திரும்புங்கள்.

பக்க அழுத்தத்தை 5, 20, 50 மெகாபாஸ்கல் என்று மாற்றி மூன்று சோதனையாவது செய்யுங்கள். துகள் உராய்வு 0.5, உருள் தடை 0.1 என்று தொடங்கி, வேண்டிய கோணம் வரும்வரை உருள் தடையை மட்டும் நகர்த்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அடித்தளத்துக்கும் இதே கவனம் வேண்டும். தட்டையான சுவராக வைத்தால் நீங்கள் எழுதும் கெழுவுக்கு மிக அருகிலேயே நடக்கும். துகள்களை ஒட்டி அடித்தளம் செய்தால் மேடுபள்ளமே தனி உராய்வைச் சேர்க்கும். முதல் மாதிரிக்குத் தட்டைச் சுவர், கெழு 0.3.

படி 5: தள்ளுதல்

இடப்பக்கச் சுவரை வலப்பக்கம் நகர்த்துங்கள். முதல் 100 மீட்டருக்கு வேகத்தைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள், திடீரென்று இடித்தால் அதிர்வலை முழு அடுக்கையும் குலுக்கிவிடும். தணிப்பை இப்போது குறைத்துவிடுங்கள். யேடில் இயல்பாக இருக்கும் 0.2 போதும். 200 மீட்டருக்கு ஒரு முறை எல்லாத் துகள்களின் இடம், சுழற்சி, பின்சுவரின் விசை மூன்றையும் எழுதிவையுங்கள். மொத்தம் 50 கோப்புகள்.

களத்தில் பலகையால் நெல்லைத் தள்ளும்போது பலகைக்கு முன்னால் ஒரு சரிவு எழும்பி, ஒரு கோணத்துக்கு வந்தபின் அதே சரிவோடு குவியல் முழுவதும் நகரும், இல்லையா? இங்கே நடப்பதும் அதுதான். முதல் உந்துப் பிளவு பின்சுவரை ஒட்டி எழும். மேலேறிய பாறை கனத்தபின் அதை இன்னும் உயர்த்துவதைவிடப் புதிதாக முன்னால் ஒன்றை உடைப்பது சுலபமாகிவிடும். இப்படிப் பிளவுகள் ஒன்றன்முன் ஒன்றாக வெளிநோக்கிப் போகும். பின்சுவரின் விசை வரைபடத்தில் இது ரம்பப்பல் மாதிரித் தெரியும்: ஏற்றம், பிளவு பிறந்ததும் சரிவு, மறுபடி ஏற்றம்.

படி 6: பிளவைக் கண்ணுக்குக் கொண்டுவருதல்

நிறப்பட்டைகள் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தே பெரிய பிளவுகள் தெரிந்துவிடும். எந்தப் பிளவு இப்போது உயிரோடு இருக்கிறது என்பது அதில் தெரியாது. அதற்கு அடுத்தடுத்த இரண்டு கோப்புகளுக்கு இடையே திரிபைக் கணக்கிட வேண்டும். ஓவிட்டோவில் அணுத்திரிபு என்ற கருவி இருக்கிறது. அணுக்களுக்காகச் செய்தது என்றாலும் நம் துகள்களுக்கும் அப்படியே பொருந்தும். ஒப்பீட்டுக்கு முந்தைய கோப்பைக் கொடுத்து, சுற்றுவட்ட எல்லையை 250 முதல் 300 மீட்டர் வைத்து, நறுக்குத் திரிபால் (பக்கவாட்டு நழுவலால் வரும் உருமாற்றம்) நிறம் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிளவு பளிச்சென்று தெரியும், செத்த பிளவு இருட்டில் போய்விடும். தொடக்கக் கோப்போடு ஒப்பிட்டால் மொத்த வரலாறும் ஒரே படத்தில் வரும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிளவின் சாய்வை அளந்துபாருங்கள். கிடைமட்டமாக நெருக்கும்போது உந்துப் பிளவு 45 பாகையிலிருந்து உராய்வுக் கோணத்தில் பாதியைக் கழித்த அளவில் சாய வேண்டும். 35 பாகைக்கு 27.5. உங்கள் மாதிரியில் புதிதாகப் பிறக்கும் பிளவுகள் 25-க்கும் 32-க்கும் நடுவில் இருந்தால் சரி. பழையவை பின்னால் வருவதன் அழுத்தத்தில் நிமிர்ந்து செங்குத்தாகியிருக்கும், அவற்றை அளக்காதீர்கள்.

படி 7: ஆப்புக் கோணத்தால் சோதனை

டேவிஸ், சுப்பி, டேலன் மூவரும் 1983-இல், தைவான் மலைகளை முன்வைத்து, இப்படி நகரும் ஆப்பு (பின்னால் தடித்து முன்னால் மெலியும் பாறைக்குவியல்) எந்தச் சரிவில் நிற்கும் என்பதற்கு ஒரு கோட்பாடு கொடுத்தார்கள். தண்ணீரில்லாத, ஒட்டுதலில்லாத பொருளுக்கும், கிடைமட்ட அடித்தளத்துக்கும் அதன் எளிய வடிவம் இது: மேற்பரப்புச் சரிவு = அடித்தள உராய்வுக் கெழு ÷ (1 + க). இதில் க என்பது உராய்வுக் கோணத்தின் சைனை இரண்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து சைனைக் கழித்ததால் வகுத்தது. விடை ரேடியனில் வரும்.

நம் எண்களைப் போடுவோம். கோணம் 30 என்றால் க = 2. சரிவு 0.3 ÷ 3 = 0.1 ரேடியன், 5.7 பாகை. உச்ச வலிமையான 35 பாகையைப் போட்டால் 4.7 பாகை. நிஜ மாதிரி இந்த இரண்டுக்கும் நடுவிலோ கொஞ்சம் அக்கம்பக்கமாகவோ நிற்க வேண்டும். 8 கி.மீ. தள்ளிய பிறகு பின்சுவரை ஒட்டிய பகுதியையும் முன்நுனியையும் விட்டுவிட்டு, மேற்பரப்புத் துகள்களுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி அளந்துபாருங்கள்.

9 பாகை வந்தால்? பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. அடித்தள உராய்வு நீங்கள் எழுதியதைவிட அதிகமாக வேலை செய்கிறது. அல்லது பின்சுவரின் உராய்வு பாறையைப் பிடித்து மேலே தூக்குகிறது, அதைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். அல்லது வேகம் அதிகம், பாதி வேகத்தில் ஓட்டினால் தெரிந்துவிடும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறாத மாதிரியை வைத்து எந்த மலையைப் பற்றியும் பேசக்கூடாது என்பது என் கட்சி.

படி 8: உப்பு

இப்போது அடித்தளக் கெழுவை 0.05 ஆக்கி, மற்ற எதையும் தொடாமல் மறுபடி ஓட்டுங்கள். கோட்பாடு சொல்லும் சரிவு 0.05 ÷ 3, அதாவது 0.95 பாகை. பொட்வாரின் 1 பாகை நினைவிருக்கிறதா? படத்தில் வேறு மாற்றங்களும் வரும். நகர்வு வெகுதூரம் முன்னால் பரவும். பிளவுகள் தள்ளிய திசையை மட்டும் பார்க்காமல் எதிர்த்திசையிலும் சாயும், இரண்டும் சேர்ந்து நடுவே ஒரு பகுதியைப் பெட்டிபோல் மேலே துருத்தும். ஐரோப்பாவின் ஜூரா மலைகள், ஈரானின் சாக்ரோஸ் ஆகியவையும் உப்பு மாதிரியான வழுக்கும் அடுக்குகளின் மேல் நகர்ந்தவைதான்.

உப்பை அடுக்காகவே வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் ஒரு சிக்கல். உராய்வே இல்லாத துகள்களால் செய்த அடுக்கும் பூச்சிய வலிமையோடு இருக்காது. துகள்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டியிருப்பதால் 5, 6 பாகை உராய்வுக் கோணம் மிச்சம் இருக்கும், கெழு சுமார் 0.1. அப்போது சரிவு 1.9 பாகையாகிவிடும். இன்னொன்று, உப்பு பாகுபோல் ஓடும் பொருள், அதன் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. நாமோ 160 கோடி மடங்கு வேகத்தில் தள்ளுகிறோம். பாகுத்தன்மையை அதே அளவுக்குக் குறைத்துக் கொடுக்காமல் உப்பு என்று பெயர் வைப்பதில் பொருளில்லை. தொடக்கத்துக்கு வழுக்கும் சுவரே போதும்.

இதே சுவரை வைத்துத் தண்ணீரையும் ஓரளவு கணக்கில் கொள்ளலாம். பாறை இடுக்கில் தண்ணீர் அழுத்தம் ஏறினால் உராய்வு குறையும் என்று ஹப்பர்ட்டும் ரூபியும் 1959-இல் காட்டினார்கள். மேலுள்ள எடையில் 90 சதவீதத்தைத் தண்ணீர் தாங்கினால் 0.6 கெழு 0.06 போல நடக்கும்.

படி 9: மடிப்பு

மேலே வந்த மாதிரிகளில் மடிப்பு உண்டு, ஆனால் அது பிளவின் மேல் ஏறி வளைந்த மடிப்பு. அடுக்குகள் அழகாக வளைவதைப் பார்க்க இன்னொரு மாதிரி. 10 கி.மீ. அகலம், 2 கி.மீ. தடிமன், ஆரம் 15 முதல் 25 மீட்டர், சுமார் 12,800 துகள்கள். துகள் சிறிதானதால் காலப்படியையும் 0.001 விநாடிக்குக் குறைக்க வேண்டும். அடியில் இரண்டு கெட்டித் தொகுதிகள், நடுவில் 45 பாகையில் ஒரு பிளவு. ஒரு தொகுதி பிளவின் வழியே 1 கி.மீ. மேலேறும், மேலுள்ள அடுக்குகள் அதற்கேற்ப வளையட்டும்.

இங்கே துகள்களுக்குள் பிணைப்பு வேண்டும். பிணைப்பு என்பது இழுவையிலோ நறுக்கிலோ ஓர் எல்லை தாண்டினால் அறுந்துவிடும் பசை, அறுந்தபின் வெறும் உராய்வு. படிந்து முடிந்த பிறகே பிணையுங்கள், இல்லாவிட்டால் விழும்போதே பாதி அறுந்துவிடும்.

பிணைப்பு எவ்வளவு வலிமை? ஆய்வகத்தில் கைக்கு அடக்கமான பாறைத்துண்டை உடைத்து வந்த எண்ணை அப்படியே போடாதீர்கள். செங்குத்துப் பாறைமுகம் எவ்வளவு உயரம் சரியாமல் நிற்கும் என்ற கணக்கைப் போட்டால் உடனே உண்மை புரியும். ஒட்டுதல் 10 மெகாபாஸ்கல், உராய்வு 30 பாகை என்றால் கிட்டத்தட்ட 3.5 கி.மீ. உயரச் செங்குத்துச் சுவர் நிற்கலாம் என்று வருகிறது. 2 கி.மீ. தடிமனுள்ள நம் மாதிரி முழுவதும் ஒரு பலகையாக விறைத்துக்கொண்டு, வளையாமல் வெடிக்கும். 1 மெகாபாஸ்கல் என்றால் 350 மீட்டர், இது நம்பும்படி இருக்கிறது. மலையளவு பாறையில் விரிசல்களும் மூட்டுகளும் ஏராளம், அதன் வலிமை துண்டின் வலிமையல்ல.

வலிமை குறைந்த சீரான மூடுபாறையில் பிளவின் நுனியிலிருந்து மேல்நோக்கி முக்கோணமாக விரியும் ஒரு பகுதி மொத்தமாகக் குழைந்து, மேலே அகலமான வளைவு வரும். எர்ஸ்லெவ் 1991-இல் வடிவியலாகச் சொன்ன முக்கோண நறுக்கு இதுதான். நாம் எழுதிக் கொடுக்காமலே அது வந்து நிற்பதைப் பார்ப்பது இந்த முறையின் சந்தோஷங்களில் ஒன்று. பிணைப்பை வலுவாக்கினால் பிளவு சீக்கிரம் மேற்பரப்பை எட்டிவிடும், மடிப்பு குறுகிவிடும்.

அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி வளைய வேண்டும் என்றால், 400 மீட்டருக்கு ஒரு முறை இரண்டு துகள் தடிமனில் பிணைப்பில்லாத, உராய்வு குறைந்த பட்டை ஒன்றை விடுங்கள். வளைவின் கூர்மை உடனே மாறும், சீட்டுக்கட்டு நழுவலாக அடுக்குகள் தனித்தனியே இயங்கும்.

பிளவு மேற்பரப்பை எட்டாமல் மடிப்புக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும் நிலையை ஒதுக்கிவிடாதீர்கள். 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நிலம் நடுங்கியது அப்படிப்பட்ட மறைந்த உந்துப் பிளவால்தான். மேலே தெரியும் வளைவின் அகலத்தை வைத்து அடியிலுள்ள பிளவின் ஆழத்தையும் சாய்வையும் ஊகிப்பவர்களுக்கு இந்த வகை மாதிரி நேரடியாகப் பயன்படும்.

படி 10: மறுபடி, வேறு விதையோடு

ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். தற்செயல் விதையை (கணினி தற்செயல் எண்களைத் தொடங்கும் எண்) மாற்றித் துகள்களை வேறு விதமாகத் தூவி, மற்ற எல்லாம் அப்படியே வைத்து ஐந்து முறையாவது ஓட்டுங்கள். பிளவுகளின் இடமும் இடைவெளியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், ஆப்பின் சரிவு கிட்டத்தட்ட மாறாது. இது மென்பொருளின் குறை இல்லை. பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே செய்முறையில் மணலைப் பெட்டியில் தள்ளிப் பார்த்த ஒப்பீடுகள் 2006-லும் 2016-லும் வெளிவந்தன. அங்கேயும் பொது வடிவம் ஒத்துப்போனது, பிளவுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. ஆகவே 'மூன்றாவது பிளவு 14-ஆவது கிலோமீட்டரில் வந்தது, நிஜத்திலும் அங்கேதான் இருக்கிறது' என்ற வகை வாதத்துக்கு இதில் இடமில்லை.

இதற்குப் பிறகு அரிப்பைச் சேர்க்கலாம். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வரும் துகள்களை 200 மீட்டர் தள்ளலுக்கு ஒரு முறை நீக்கினால் போதும், சில வரிப் பைத்தான்தான். சரிவு குறைந்த ஆப்பு அதை மீட்டுக்கொள்ளப் பின்பக்கத்துப் பழைய பிளவுகளை மறுபடி இயக்கும். முன்பக்கப் பள்ளத்தில் புதுத் துகள்களைத் தூவினால் வண்டல். அரிப்பையும் வண்டலையும் முதலில் தனித்தனியாக ஓட்டிவிட்டு அப்புறம் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் கோப்புறையிலும் விதை எண், உராய்வுகள், உருள் தடை, தள்ளிய வேகம் நான்கையும் எழுதிய சிறு உரைக்கோப்பு ஒன்றைப் போட்டுவையுங்கள்.